மூடியைச் சாத்திய பிறகு உள்ளே நடக்கும் கூத்து

ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் சிவகாசி டிசைன் அறைகளுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் அன்றைக்கு வெளியாகும். அதற்குப் பின் சாமி படத்துக்கு அடியில் எந்த ஊர் ஜவுளிக்கடைப் பெயரைப் பொருத்துவது, தினசரித் தாளில் ராகுகாலத்தை எங்கே வைப்பது என்று ராத்திரி பகலாக வேலை ஓடும். அந்த நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும்.

"அண்ணாச்சி, பேட்டரி இருபதுதான் இருக்கு. ஷட் டவுன் பண்ணிரவா?"

"வேண்டாம்ப்பா, அப்படியே மூடி வையி. கரண்ட் வந்ததும் விட்ட எடத்துலருந்து பாத்துக்கலாம்."

டக்கென்று மூடி விழுகிறது. திரை அணைகிறது. ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மட்டும் மினுக்குகிறது. வெளியில் நிற்பவருக்குத் தெரிவது அவ்வளவுதான். ஆனால் மூடி விழுந்ததற்கும் விளக்கு மினுக்கியதற்கும் நடுவில் உள்ள ஒன்றிரண்டு நொடிக்குள் எத்தனை பேர் எத்தனை ஒழுங்காக வேலையை நிறுத்திவிட்டுப் போகிறார்கள் தெரியுமா? சில நூறு சாதனங்கள்! யார் முதலில் போகலாம், யார் கடைசிவரை காத்திருக்க வேண்டும், நடு ராத்திரியில் கதவைத் தட்டி எழுப்பும் உரிமை யாருக்கு உண்டு என்று ஒவ்வொன்றுக்கும் விதி இருக்கிறது. இந்தத் திரைமறைவுக் காட்சியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உற்சாகம் குறைவதில்லை. வாருங்கள், உள்ளே போவோம்.

நாம் எட்டிப் பார்க்கப் போவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள். யார் வேண்டுமானாலும் வரி வரியாகப் படிக்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்களே, அதனால்தான் இது முடிகிறது. சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கு லினக்ஸ் அந்நியமான சரக்கும் இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வழியாக மாணவர்களுக்கு வந்த அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கிய இந்திய இயங்குதளம். அந்த லேப்டாப்கள் வந்த கையோடு 2012-இன் கொடுமையான மின்வெட்டும் வந்தது. மூடியைச் சாத்தி மிச்ச சார்ஜைக் காப்பாற்றுவது அப்போது வீட்டுக்கு வீடு பழகிப்போன வித்தை.

சரி, மூடி விழுகிறது. மூடி ஓரத்தில் ஒரு குட்டிக் காந்தம். கீழ்ப்பகுதியில் அதை உணரும் ஒரு சென்சார். காந்தம் நெருங்கியதும் செய்தி போகிறது: மூடியாச்சு. உடனே கெர்னல், டிஸ்க்கில் எழுதாமல் நினைவகத்தில் தேங்கிக் கிடப்பதையெல்லாம் எழுதி முடிக்கச் சொல்கிறது. தூக்கத்தில் ஏதாவது ஆனாலும் சேமித்த ஃபைல் பிழைக்கட்டும் என்ற முன்ஜாக்கிரதை.

அடுத்து உறையவைக்கும் படலம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, பிரவுசர் எதையோ இறக்கிக்கொண்டிருக்கிறது, டிசைன் மென்பொருள் பெரிய படம் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. அத்தனை நிரல்களுக்கும் ஒரே நேரத்தில் பொய்யாக ஒரு சிக்னல் போகும். சிக்னல் வந்ததே என்று நிரல் கெர்னலுக்குள் எட்டிப் பார்க்க, அங்கேயே அதைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவைக்கும் அந்தப் பகுதிக்குக் கெர்னலில் ரெஃப்ரிஜிரேட்டர் என்றே பெயர்! எல்லோரும் உறைவதற்கு வழக்கமாக 20 நொடி அவகாசம். அதற்குள் ஒரே ஒரு நிரல் உள்ளே வராமல் முரண்டு பிடித்தாலும் மொத்தத் திட்டமும் ரத்து. உறைந்தவர்களை எழுப்பிவிட்டு லேப்டாப் பழையபடி விழித்துக்கொள்ளும். ஏன் இவ்வளவு கறார்? டிஸ்க்கைத் தூங்கவைக்கிற நேரத்தில் ஒரு நிரல் வந்து "அந்த ஃபைலைக் கொடு" என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

நிரல்கள் உறைந்தாச்சு. இனிமேல்தான் சாதனங்களின் முறை.

அச்சகத்தில் வேலை முடிந்து கிளம்பும்போது யாராவது மெயினை முதலில் இறக்குவார்களா? மெஷினை நிறுத்தி, மோட்டாரை அணைத்து, ஸ்டெபிலைசரை அணைத்து, கடைசியாகத்தான் மெயின். காலையில் வந்தால் மெயின் முதலில், மெஷின் கடைசியில். லேப்டாப்புக்குள்ளும் அதே முறைதான். உங்கள் யூஎஸ்பி மவுஸ் ஒரு ஹப்பில் தொங்குகிறது, ஹப் ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலரில், கன்ட்ரோலர் பிசிஐ தடத்தில். மவுஸ் உறங்கும் முன் ஹப் உறங்கிவிட்டால், "மவுஸே, நீ தூங்கு" என்ற செய்தியை மவுஸுக்கு எடுத்துப்போக ஆளே இருக்காது.

இந்த ஒழுங்கைக் கெர்னல் காப்பாற்றும் விதம் இருக்கிறதே, அடடா! இயங்குதளம் தொடங்கும்போது ஒவ்வொரு சாதனமும் ஒரு பட்டியலில் பதிவாகிறது. தாய்ச் சாதனம் பதிவானால்தான் அதில் தொங்கும் பிள்ளைச் சாதனம் பதிவாக முடியும். ஆகவே பட்டியலில் தாய் எப்போதும் முன்னால், பிள்ளை பின்னால். தூங்கவைக்கும்போது பட்டியலை வாலிலிருந்து தலைக்கு நடந்தால் போதும். பிள்ளைகள் தானாகவே முதலில் உறங்கிவிடும். எழுப்பும்போது தலையிலிருந்து வாலுக்கு. பெரிய கணக்கு எதுவும் வேண்டாம், ஒரே பட்டியல், இரண்டு திசை!

அதற்கும் முன்னால் ஒரு தயாரிப்புக் கட்டம் உண்டு. அது மட்டும் தலைகீழ்: தாயிடம் முதலில் போய், "இனிமேல் புதுப் பிள்ளை எதையும் பதிவு செய்யாதே" என்று சொல்லிவைக்கும். தூங்கவைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது பென் டிரைவைச் செருகினால் பட்டியல் நடுவில் வளர்ந்துவிடக் கூடாதல்லவா? யாரோ இதையும் யோசித்து எழுதிவைத்திருக்கிறார்கள் என்று பார்க்கும்போது கைதட்டத் தோன்றுகிறது.

தாய், பிள்ளை உறவுக்குள் அடங்காத சார்புகளும் உண்டு. கேமரா ஒரு தடத்தில் தொங்கும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் சிப் இன்னொரு தடத்தில் இருக்கும். "இவருக்கு முன்னால் அவர் போகக் கூடாது" என்று குறுக்கே ஒரு இணைப்புப் போடும் வசதி 2017-இல் வந்த 4.10 பதிப்பில் சேர்ந்தது. ஒருவரையொருவர் சாராத சாதனங்களை ஒரே நேரத்தில் தூங்கவைக்கும் வசதி அதற்கும் முன்பே, 2010-இல் வந்துவிட்டது. மூடியைச் சாத்திய வேகத்துக்கு விளக்கு மினுக்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு சாதனத்தையும் ஒரே தடவையில் தூங்கவைத்துவிடுவதும் கிடையாது. மூன்று சுற்று. முதல் சுற்றில், சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர் தன் வேலையை நிறுத்துகிறது: வைஃபை அனுப்புவதை நிறுத்தும், ஒலி அட்டை மௌனமாகும், திரை அணையும். இரண்டாவது சுற்று, மிச்சம் மீதியை முடிப்பதற்கு. மூன்றாவது சுற்றுதான் எனக்கு உயிர்!

சாதனங்கள் பிராசசரின் கவனத்தைத் திருப்ப அனுப்பும் சைகைக்கு இன்டரப்ட் என்று பெயர். மூன்றாவது சுற்று தொடங்கும் முன் கெர்னல் அநேகமாக எல்லாச் சாதனங்களின் இன்டரப்டையும் அடைத்துவிடுகிறது. காரணத்தைக் கேளுங்கள். இரண்டு சாதனங்கள் ஒரே இன்டரப்ட் கம்பியைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒன்று உறங்கிவிட்டது, இன்னொன்று விழித்திருக்கிறது. விழித்திருப்பது சைகை அனுப்புகிறது. கம்பி பொதுவானதால் உறங்கியவரின் டிரைவரும் ஓடிவந்து, "நம்ம ஆள்தான் கூப்பிட்டானா?" என்று தன் சாதனத்தின் நிலைப் பதிவேட்டைப் படிக்கும். மின்சாரம் போன பிசிஐ சாதனத்தைப் படித்தால் என்ன வரும்? 32 பிட்டும் ஒன்று, ஒன்று, ஒன்று! அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு பிட்டும் ஒரு விஷயத்தைச் சொல்வது. டேட்டா வந்தது, டேட்டா போனது, பிழை, சூடு, எல்லாமே ஒரே நொடியில் நடந்துவிட்டதாக டிரைவர் நம்பிவிடும். அதன் பிறகு அது என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. அதனால்தான் சைகைகளை அடைத்த பிறகே பிசிஐ சாதனங்களின் அமைப்பு விவரங்களைப் பத்திரப்படுத்தி, ஆழ்ந்த உறக்கத்துக்கு இறக்குகிறார்கள். இந்த ஏற்பாட்டை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் போலந்துக்காரர் ரஃபால் விசோட்ஸ்கி. கெர்னலின் மின் மேலாண்மைப் பகுதியைப் பல வருஷங்களாகக் கட்டிக்காப்பவர். கெர்னலின் பொறுப்பாளர் பட்டியலைப் புரட்டினால் குவால்காம் பிசிஐ டிரைவருக்கு நேராக மணிவண்ணன் சதாசிவம் என்ற பெயர் நிற்கிறது. அந்தப் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயரைப் பார்க்கிற சந்தோஷமே தனி.

சாதனங்கள் முடிந்தன. இப்போது பிராசசரின் கோர்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. எட்டு கோர் இருந்தால் ஏழு போய்விடும். பூஜ்ஜியம் எண்ணுள்ள ஒன்று மட்டும் தனியாக நிற்கும். அது கடைசிக் கட்டளையைப் போட்டதும் தானும் மின்சாரம் இழக்கிறது. எஸ்3 என்று சொல்லப்படும் பழைய பாணித் தூக்கம் இது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூவரும் 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏசிபிஐ வரையறையில் வந்த நிலை.

அப்படியென்றால் பாதியில் நின்ற காலண்டர் டிசைன் எங்கே இருக்கிறது? ரேமில்! ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது சும்மா இருந்தாலே கசிந்து போகும். வழக்கமாக 64 மில்லிநொடிக்குள் ஒரு முறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப நிரப்ப வேண்டும். விழித்திருக்கும்போது அந்த வேலையை மெமரி கன்ட்ரோலர் ஏவுகிறது. தூக்கத்தில் கன்ட்ரோலர் இல்லை, பிராசசர் இல்லை. ரேம் சிப் தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும் நிலைக்குப் போய்விடுகிறது. மூடிக்குள் எல்லோரும் உறங்கிய பிறகும் ரேம் மட்டும் நொடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல் உங்கள் சாமி படத்தைத் தன்னந்தனியாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது.

கரண்ட் வந்தாச்சு. மூடியைத் திறக்கிறார்கள். பிராசசருக்கு மின்சாரம் வருகிறது. ஆனால் அதற்கு எதுவும் நினைவில்லை. முதலில் ஃபர்ம்வேர் எழுகிறது. "இது புதிதாக ஆன் செய்தது இல்லை, தூக்கத்திலிருந்து எழுவது" என்று கண்டுபிடித்து, உறங்கும் முன் கெர்னல் எழுதிவைத்துவிட்டுப் போன முகவரிக்குக் குதிக்கிறது. அந்த நொடியில் உங்கள் நவீன 64 பிட் பிராசசர் 1978-இல் வந்த 8086 சிப்பின் 16 பிட் நிலையில் நிற்கிறது! அங்கிருந்து 32, பிறகு 64 என்று படியேறி வந்துதான், கெர்னல் விட்ட வரிக்கு அடுத்த வரியைத் தொடர்கிறது. நாற்பது வருஷத்துக்கும் மேலான சிப் வரலாற்றை உங்கள் லேப்டாப் ஒவ்வொரு முறை மூடி திறக்கும்போதும் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்து வருகிறது.

பிறகு கோர்கள் திரும்புகின்றன, சாதனங்கள் தலையிலிருந்து வாலுக்கு எழுகின்றன, உறைந்த நிரல்கள் இளகுகின்றன, பாட்டு விட்ட தாளத்திலிருந்து தொடர்கிறது.

எழாமல் போனால்?

தூங்கவைப்பதைவிட எழுப்புவதுதான் கடினம். நூறு சாதனங்களில் ஒன்று எழும்போது சிக்கிக்கொண்டால் மொத்த இயந்திரமும் உறைந்துவிடும். எது சிக்கியது என்று பார்க்கத் திரை இல்லை, அது இன்னும் உறக்கத்தில். டிஸ்க்கில் குறிப்பு எழுதிவைக்கலாம் என்றால் அதுவும் உறக்கத்தில். ரேமில் எழுதினால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்ததும் அழிந்துபோகும். 2006-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காலண்டர் அடிக்கும் ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் துள்ளிக் குதிப்பார்கள்!

லேப்டாப் அணைந்தாலும் நிற்காமல் ஓடும் ஒன்று உள்ளே இருக்கிறது: நேரம் காட்டும் கடிகாரச் சிப். டோர்வால்ட்ஸ் அதில் நேரத்துக்குப் பதிலாகத் துப்பை எழுதினார். வருஷம் 100, மாதம் 12, தேதி 28, மணி 24, நிமிடத்தை மும்மூன்றாகப் பிரித்தால் 20. பெருக்கிப் பாருங்கள்: 1,61,28,000 வெவ்வேறு குறிகளை ஒரு தேதியாகவும் நேரமாகவும் எழுதலாம். தேதி ஏன் 28-ஓடு நின்றது? பிப்ரவரிக்காக! எந்த மாதமாக இருந்தாலும் செல்லுபடியாகும் தேதி 28 வரைதானே. நிமிடத்தை ஏன் மும்மூன்றாக? கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி ஆன் செய்வதற்குள் ஓரிரு நிமிடம் நகர்ந்தாலும் குறி கலையக் கூடாது என்று.

அந்த ஒரு கோடியே அறுபத்தொரு லட்சம் இடத்தையும் வீணாக்காமல் நிரப்பியிருக்கிறார். நிரலாளர் தானே வைத்துக்கொள்ளும் எண் 16 வகை. நிரலில் எந்த ஃபைல், எந்த வரி என்பதைச் சுருக்கிய எண் 997 வகை. எந்தச் சாதனம் என்பதைச் சுருக்கிய எண் 1009 வகை. மூன்றையும் பெருக்கினால் 1,60,95,568. கொடுத்த இடத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது! இந்த வசதியை ஆன் செய்து வைத்திருந்தால், ஒவ்வொரு சாதனத்தையும் எழுப்பும் முன் கடிகாரத்தில் இந்தக் குறியை எழுதிவிட்டுத்தான் கெர்னல் அடுத்த அடி வைக்கும். சிக்கிக்கொண்டால் சட்டென்று அணைத்து ஆன் செய்ய வேண்டும். எழுந்ததும் கெர்னல் கடிகாரத்தைப் படித்து, தேதியைப் பிரித்து, எந்த ஃபைலில் எந்த வரி, எந்தச் சாதனமாக இருக்கலாம் என்று சொல்லிவிடும். தேதிதான் தாறுமாறாகிப் போயிருக்கும், அதைத் திருத்திக்கொள்ளலாம். இந்த வசதி இன்றைக்கும் கெர்னலில் இருக்கிறது.

புது லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3 தூக்கமே கிடையாது. பிராசசர் முழுதாக அணையாமல் சும்மா இருக்கும். ஒவ்வொரு சாதனமும் தானாக முடிந்த அளவு ஆழமான உறக்கத்துக்கு இறங்க வேண்டும். ஒன்று இறங்க மறுத்தாலும் பைக்குள் வைத்த லேப்டாப் காலையில் சூடாக, சார்ஜ் இல்லாமல் இருக்கும். என் கருத்தில் டிரைவர் எழுதுபவர்களின் பொறுப்பு இதனால் முன்பைவிடக் கூடியிருக்கிறது.

செல்போன் கதை இன்னும் வேடிக்கை. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. வெளியே விட்டுவிட்டுப் போன போன் அங்கே யாரும் தொடாமலேயே நாள் முழுக்க எத்தனையோ தடவை தூங்கி எழுந்துவிடும். ஒரு செய்தி வந்தால் மோடம் பிராசசரை எழுப்பும். வேலை முடிந்ததும் மறுபடி தூக்கம். இதில் ஒரு கண்டம் இருந்தது. சரியாகத் தூங்கப் போகிற அந்த நொடியில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால்? எழுப்பும் சைகை வந்து சேர்ந்ததைக் கவனிக்காமல் போன் உறங்கிவிடலாம். 2010-இல் விசோட்ஸ்கி இதற்கு ஒரு எண்ணிக்கையை வைத்தார். தூங்கப் போகும் முன், இதுவரை எத்தனை எழுப்பல்கள் வந்தன என்ற எண்ணைப் படித்துக்கொள்ள வேண்டும். எல்லாம் தயாரானதும் அதே எண்ணைத் திருப்பி எழுத வேண்டும். நடுவில் ஒன்று கூடியிருந்தால் கெர்னல் அதை ஏற்காது, தூக்கம் ரத்து. அதற்குப் பின், உறக்கத்துக்குப் போகும் வழியில் ஒன்று வந்தாலும் பாதியிலேயே திரும்பிவிடும். ஒரே ஒரு எண்ணை வைத்துத் தவறவிட்ட அழைப்புகளின் ஓட்டையை அடைத்திருக்கிறார்கள்!

உங்களிடம் லினக்ஸ் லேப்டாப் இருந்தால் இந்தக் கூத்தை நீங்களே பார்க்கலாம். கெர்னலின் பவர் கோப்புறையில் பிஎம்-டெஸ்ட் என்று ஒரு ஒத்திகை வசதி பெரும்பாலும் இருக்கும். நிர்வாகி அனுமதியோடு அதில் ஃப்ரீசர் என்று எழுதிவிட்டுத் தூங்கச் சொன்னால், நிரல்களை மட்டும் உறையவைத்து, 5 நொடி காத்திருந்து, எல்லோரையும் எழுப்பிவிடும். டிவைசஸ் என்று எழுதினால் சாதனங்கள் வரை போய்த் திரும்பும். திரை அணைந்து, 5 நொடி கழித்து மறுபடி மலர்வதைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். ஒத்திகைக்கு முன் திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிடுங்கள்.

அதே இடத்தில் சஸ்பெண்ட்-ஸ்டாட்ஸ் என்று இன்னொரு கோப்புறை புதிய கெர்னல்களில் உண்டு. கடைசியாக ஆன் செய்ததிலிருந்து எத்தனை முறை தூக்கம் வெற்றி, எத்தனை முறை தோல்வி, உறையவைப்பதில் தோற்றதா, மூன்றாவது சுற்றில் தோற்றதா, எழுப்புவதில் தோற்றதா என்று தனித்தனிக் கணக்கு அதில் இருக்கும். கடைசியாக முரண்டு பிடித்த சாதனத்தின் பெயரும் எந்தக் கட்டத்தில் என்பதும் அதற்கென்று வைத்த ஃபைல்களில் எழுதப்பட்டிருக்கும். மூடியைச் சாத்தியும் லேப்டாப் தூங்க மறுத்தால், சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள்.